அண்ணன் லாரியின் டீசல் முள்

திருமுல்லைவாயிலில் இறங்க வேண்டிய நான் ஆவடியில் போய் இறங்கினேன்.

சென்ட்ரலில் ஏறும்போதே கூட்டம் என்னைப் பெட்டியின் நடுவுக்குத் தள்ளிவிட்டது. அம்பத்தூர் தாண்டியதும் சூட்கேஸைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வாசலை நோக்கி நகரத் தொடங்கினேன். வாசலுக்கு வந்து சேர்ந்தபோது திருமுல்லைவாயில் பின்னால் போய்க்கொண்டிருந்தது. அடுத்த ஸ்டேஷனில் ஏறியவர்கள் மறுபடியும் என்னை உள்ளே கொண்டுபோய் வைத்தார்கள். கம்பியைப் பிடித்து நின்ற ஒரு பூக்காரம்மா, இதற்கெல்லாம் வில்லிவாக்கத்திலேயே வாசலுக்கு வந்துவிட வேண்டும் என்று எனக்குப் பாடம் சொன்னார். மலேசியாவில், எங்கள் ஈப்போவில், ரயில் வருவதற்கு முன் ஒரு காப்பி குடித்து முடித்து, டிக்கெட்டை இரண்டு முறை பார்த்துவிட்டு, நிதானமாக ஏறலாம். இறங்குவதற்கும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

எதிர் ரயிலில் திரும்பி வந்தேன். பிளாட்பாரத்து சிமெண்டுப் பெஞ்சில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். முதலில் என் சூட்கேஸைப் பார்த்தார், பிறகு என் முகத்தை. நானும் அவர் முகத்தில் எங்கள் அப்பாவைத்தான் முதலில் பார்த்தேன்.

"ஆவடி வரிக்கும் பூட்டியா?" என்றார்.

இருபத்தொரு வருடத்துக்குப் பிறகு என் அண்ணன் சூசை என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. சூட்கேஸைப் பிடுங்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். தண்டவாளத்தைக் கடக்கும்போது இரண்டாவது கேள்வி வந்தது. "அம்மா எப்டி கீது?"

"இருக்காங்கண்ணே" என்றேன்.

அம்மா இறந்து அப்போது எட்டு மாதம் ஆகியிருந்தது. அதைச் சொல்லத்தான் நான் மலேசியாவிலிருந்து வந்திருந்தேன்.

கடிதத்தில் சொல்லியிருக்கலாம். ஆறு முறை எழுதத் தொடங்கி ஆறு முறையும் கிழித்தேன். கடைசியில், வருகிறேன் என்று மட்டும் எழுதிப் போட்டேன். எழுபதாம் ஆண்டு வாக்கில் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கிடைக்காது என்று ஆனபோது எங்கள் ரப்பர் எஸ்டேட்டிலிருந்து எத்தனையோ பேர் தமிழ்நாட்டுக்குக் கப்பலேறினார்கள். அண்ணனுக்கு இருபத்து நான்கு வயது. எனக்குப் பதினாறு. அம்மாவுக்கும் எனக்கும் அடையாள அட்டை சரியாக இருந்தது, அண்ணனுக்கு இல்லை. பினாங்குத் துறைமுகத்தில் அவரை ஏற்றிவிட்டுத் திரும்பினோம். அதன்பிறகு அம்மா அவரைப் பார்க்கவே இல்லை. கூட்டிக்கொண்டு போ என்று அம்மா என்னிடம் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேட்பார். அடுத்த வருஷம் போகலாம் என்று நானும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சொல்வேன். இதையெல்லாம் எந்தக் கடிதத்தில் எழுதுவது?

அண்ணன் வீட்டு வாசலை ஒரு தண்ணீர் லாரி அடைத்துக்கொண்டு நின்றது. நீல பெயிண்ட், முதுகில் பெரிய தண்ணீர்த் தொட்டி, கதவில் கயிறு கட்டிய கைப்பிடி. பூந்தமல்லிக்கு அப்பால் ஒரு விவசாயி வீட்டுக் கிணற்றில் தண்ணீர் ஏற்றி, ஆவடி, பட்டாபிராம் பக்கம் புதிதாக வந்த குடியிருப்புகளுக்குக் கொண்டுபோய் ஊற்றுவது அண்ணனின் தொழில். வண்டி அவருடையது, டிரைவரும் அவரே.

அண்ணி பிலோமினா சங்கரா மீன் குழம்பு வைத்திருந்தார். நான் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டபோது லாரியைப் பற்றிப் புகார் சொல்ல ஆரம்பித்தார். டீசல் மீட்டரின் முள் தன் இஷ்டத்துக்கு ஆடுமாம். காலையில் பாதி காட்டும், ஒரு பள்ளத்தில் இறங்கினால் முழுசு காட்டும், அடுத்த பள்ளத்தில் ஒன்றுமே இல்லை என்று விழுந்துவிடும். அண்ணன் கத்தியால் கோடு போட்ட ஒரு மூங்கில் குச்சியை வைத்திருக்கிறார். ஒவ்வொரு நடைக்கும் கீழே இறங்கி, டேங்கின் மூடியைத் திறந்து, குச்சியை விட்டுப் பார்க்க வேண்டும். மறந்துபோய் இரண்டு முறை நடுரோட்டில் நின்றிருக்கிறார்.

நான் ஈப்போவில் ஒரு லாரிப் பட்டறையில் வயர்மேன். பதினைந்து வருடமாக அதே வேலை. நாளைக்கே பார்த்துவிடுகிறேன் என்று சொன்னேன். உண்மையைச் சொன்னால், வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டால் அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்று எனக்கு ஆறுதலாக இருந்தது.

வியாழக்கிழமை காலையில் அண்ணன் என்னை டீக்கடைக்குக் கூட்டிப்போனார். இட்லியும் வடகறியும். கடலைப்பருப்பு வடையை உதிர்த்துக் குழம்பில் போட்டு இப்படியும் ஒன்றைச் செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. டீ கட்டைவிரல் உயரக் கண்ணாடிக் கிளாஸில் வந்தது. எங்கள் ஊரில் நுரை வர ஆற்றிய தே தாரிக் டீ ஒரு குவளையை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்காரலாம். இங்கே நான் ஊதி முடிப்பதற்குள் அண்ணன் குடித்துவிட்டு எழுந்துவிட்டார்.

வேலையைத் தொடங்கினேன். டேங்குக்குள் ஒரு மிதவை இருக்கும், டீசலோடு சேர்ந்து ஏறி இறங்கும். அதன் கம்பி மேலே ஒரு சிறு கருவியைத் திருப்பும். அங்கிருந்து ஒரு வயர் டிரைவர் முன்னாலுள்ள மீட்டருக்கு வரும். இவ்வளவுதான் சங்கதி. கோளாறு மிதவையிலா, வயரிலா, மீட்டரிலா என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வர வேண்டும்.

டேங்கின் மேலிருந்த வயரைக் கழற்றி வண்டிச் சட்டத்தில் தொட்டேன். அண்ணனை உள்ளே உட்கார்ந்து முள்ளைப் பார்க்கச் சொன்னேன். முள் மெதுவாக ஏறி முழுசில் போய் நின்றது என்றார். அப்படியென்றால் மீட்டர் சரி, வயரும் சரி. மிச்சம் டேங்க்தான். அதன் அடியில் கையை விட்டுத் துழாவியபோது விஷயம் புரிந்தது. வண்டிக்குத் தகுதிச் சான்று வாங்க எஃப்.சி.க்குப் போகும்போதெல்லாம் அண்ணன் டேங்கையும் அதைத் தாங்கும் பட்டையையும் சேர்த்து அழகாகப் பெயிண்ட் அடித்திருக்கிறார். பெயிண்டுக்கு மேல் பெயிண்ட். அது கரண்டை மறித்ததால் டேங்குக்கு எர்த் கிடைத்தும் கிடைக்காமலும் முள் ஆடிக்கொண்டிருந்தது. பெயிண்டைச் சுரண்டி, டேங்கிலிருந்து சட்டத்துக்குத் தனியாக ஒரு எர்த் வயர் இழுத்தேன். முள் பாதியில் வந்து நின்றது. குச்சியும் பாதி என்றது. ஒரு டின் டீசல் ஊற்றினோம், முள்ளும் அந்த அளவுக்கு ஏறியது.

அண்ணன் லாரியைத் தெருமுனை வரை ஓட்டிப் பள்ளத்தில் வேண்டுமென்றே இறக்கிப் பார்த்தார். முள் அசையவில்லை. பக்கத்து வீட்டுக்காரரை அழைத்து, "என் தம்பி மலேசியாவுல வயர்மேன்" என்று காட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, இதை அம்மாவுக்கு எழுதிப் போட வேண்டும் என்றார். நான் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் அண்ணன் தண்ணீர் நடைக்குப் போயிருந்தார். எனக்குக் கிச்சிலிப்பழம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்த அண்ணி, தலை நிமிராமல் கேட்டார்.

"தம்பி, அத்தை கீறாங்களா?"

நான் கையிலிருந்த சுளையைத் தட்டில் திரும்ப வைத்தேன். அவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. அவர் உரித்து முடித்து, தட்டை என் பக்கம் நகர்த்தினார். நான் சொல்லமாட்டேன், நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றார். ஆனால் ஒன்று, ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள் என்றார். அண்ணன் ஒவ்வொரு ஞாயிறும் மாதா கோயிலில், தாயின் உடல்நலத்துக்காக என்று சீட்டு எழுதிக் கொடுத்துப் பூசை வைக்கிறாராம். பல வருடங்களாக ஒரு வாரமும் விட்டதில்லை.

"அந்தச் சீட்ட சாமியாரு படிக்கும்போது நான் எப்டி பக்கத்துல நிக்கிறது, சொல்லுங்க" என்றார்.

அன்று மாலை சொல்லிவிடுவது என்று இருந்தேன். அண்ணன் ஒரு பொட்டலம் சூடான சமோசாவோடு வந்தார். எஸ்டேட்டில் நாங்கள் மீன் பிடித்த கால்வாயைப் பற்றி அவரே பேச ஆரம்பித்தார். அவர் சிரிப்பதைக் கெடுக்க மனம் வரவில்லை.

சனிக்கிழமை நானும் நடைக்குப் போனேன். புறப்படும்போது அண்ணி, குச்சியை எடுத்துக்கொண்டீர்களா என்று கேட்டார். இனிமேல் அது எதற்கு என்று சொல்லி, அண்ணன் அதைக் கொண்டுபோய் அண்ணியின் பூசணிக்கொடிக்கு ஊன்றுகோலாக நட்டுவிட்டார். எனக்குக் கொடுக்கும் மரியாதை என்று நினைத்திருப்பார்.

கிணற்றடியில் தண்ணீர் ஏற்ற ஒரு மணி நேரம் ஆயிற்று. கிணற்றுக்காரர் வேர்க்கடலையை அவித்துக் கொடுத்தார். அவர் நிலத்தில் பாதி மனைக்கட்டாகிவிட்டது, மீதிப் பாதியில் கடலை. திரும்பும்போது முள் கால் டேங்குக்குச் சற்று மேலே நின்றது. தாராளமாகப் போதும் என்றேன்.

பட்டாபிராம் பக்கம் ஒரு லெவல் கிராசிங்கில் ஏறும்போது என்ஜின் இரண்டு முறை இருமியது. தண்டவாளத்தின் நடுவில் நின்றுவிட்டது. முள் அப்போதும் கால் டேங்குக்கு மேல்தான் இருந்தது.

அண்ணன் பதறவில்லை. முதல் கியரில் போட்டுச் செல்ஃபை அடித்தார். செல்ஃப் மோட்டாரின் வேகத்திலேயே லாரி ஒரு முழம், இன்னொரு முழம் என்று தவழ்ந்தது. முன் சக்கரங்கள் தண்டவாளத்தைத் தாண்டின. அதோடு பேட்டரி ஓய்ந்துவிட்டது. பின் சக்கரங்களும் தண்ணீர்த் தொட்டியும் தண்டவாளத்தின் மேலேயே இருந்தன.

கேட்மேன் தன் அறைக்குள் ஓடிப் போன் பேசிவிட்டு, சிவப்புக் கொடியோடு வெளியே வந்தார். கேட்டை மூடாமல் சிக்னல் விழாது, ரயில் தள்ளியே நின்றுவிடும், பயமில்லை என்றார். சொன்னபடியே தூரத்தில் ஒரு மின்சார ரயில் வந்து நின்று ஹாரன் அடிக்க ஆரம்பித்தது.

இருபது பேர் சேர்ந்து தள்ளினோம். லாரி அசையவில்லை.

"தண்ணியத் தொறந்து உடு அண்ணாத்தே. வெயிட்டு கொறையும்" என்றார் கேட்மேன்.

அண்ணன் ஒரு கணம் தொட்டியைப் பார்த்தார். அந்த லோடுக்காக ஒரு தெருவே குடங்களோடு காத்திருந்தது. பிறகு பின்னால் போய் வால்வைத் திறந்தார். தண்ணீர் சாலையில் பாய்ந்தது. எங்கிருந்து வந்தார்கள் என்று தெரியவில்லை, இரண்டு பக்கத்துச் சந்துகளிலிருந்தும் பெண்கள் குடமும் வாளியுமாக ஓடி வந்து பிடித்தார்கள். ஒரு அம்மாள் குழந்தையைக் குளிப்பாட்டவே தொடங்கிவிட்டார். ஹாரன் அடித்துச் சலித்த ரயிலிலிருந்து ஆட்கள் குதித்து, தண்டவாளத்தின் மேலேயே நடந்து வந்தார்கள். திட்ட வருகிறார்கள் என்று நினைத்தேன். கைப்பையைக் கேட்மேன் அறை வாசலில் அடுக்கி வைத்துவிட்டு அவர்களும் தள்ள வந்தார்கள். தொட்டி பாதிக்கு மேல் காலியானதும் லாரி நகர்ந்தது. பின் சக்கரங்கள் தண்டவாளத்தைத் தாண்டி இறங்கின. வந்தவர்கள் கையைத் தட்டிக்கொண்டு ரயிலுக்குத் திரும்பினார்கள். "இன்னிக்கு என் மேனேஜராண்ட தண்ணி லாரி தள்ளினேன்னு சொன்னா நம்புவானா?" என்று ஒருவர் கேட்டுக்கொண்டே போனார்.

லாரியை ஓரத்தில் நிறுத்தினோம். கேட்மேனின் சைக்கிளை வாங்கிக்கொண்டு போய் ஒரு டின் டீசல் கொண்டுவந்தேன். திரும்பியபோது அண்ணன் பானெட்டைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். டீசல் வண்டி வறண்டு நின்றுவிட்டால் குழாய்க்குள் காற்று புகுந்துவிடும். கைப்பம்பை அடித்து அந்தக் காற்றை எடுத்தால்தான் மறுபடி ஓடும். டேங்கில் டீசலை ஊற்றிவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன். அவர் பம்பை அடிக்க ஆரம்பித்தார்.

ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"உன் மேல தப்பு இல்லடா" என்றார். "மேலேருந்து பாதி வரிக்கும் கரீட்டாத்தான காட்டுச்சு. கீழதான் இன்னாவோ கீது. நாளைக்குப் பாத்துக்கலாம்."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"அண்ணே, அம்மா இல்லண்ணே" என்றேன்.

அவர் கை நிற்கவில்லை. குழாயின் முனையில் டீசல் நுரையாக வந்தது, பிறகு நுரையில்லாமல் சுத்தமாக வந்தது. அப்போதும் அடித்துக்கொண்டே இருந்தார். டீசல் அவர் விரல்களில் வழிந்து மண்ணில் சொட்டியது. நானே அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

எப்போது என்று கேட்டார். எட்டு மாதம் என்றேன். கொஞ்ச நேரம் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடைசியா இன்னா சாப்டுச்சு?"

"கஞ்சி. நெத்திலி வறுத்துக் கேட்டாங்க. ரெண்டு வாய்தான்."

தலையை ஆட்டினார். லாரியின் பின்பக்கம் போய், தொட்டியில் மிச்சமிருந்த தண்ணீரைத் திறந்து வெகுநேரம் முகம் கழுவினார். நான் முன்னாலேயே நின்றேன். திரும்பி வந்தபோது சட்டையெல்லாம் நனைந்திருந்தது. என் தோளில் ஈரக் கையை வைத்தார்.

"எட்டு மாசமா இத ஒண்டியா வச்சுகினு கீறியா நீ?"

நான் அழுதேன். அம்மாவைப் புதைத்த அன்றுகூட அப்படி அழவில்லை. கேட்மேன் எங்களைப் பார்த்துவிட்டு, லாரி பிழைத்ததே பெரிது, அழாதே தம்பி என்று எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

பேட்டரி ஓய்ந்திருந்ததால் மறுபடி நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளி வண்டியைக் கிளப்பி, மீதித் தண்ணீரைக் காத்திருந்த தெருவில் கொண்டுபோய் ஊற்றினோம். வீட்டுக்கு ஒரு குடம் என்று பங்கிட்டார்கள். முணுமுணுப்பு இருந்தது. இன்னொரு நடை அடித்துத் தருகிறேன் என்று அண்ணன் அவர்களிடம் சொல்லி, வெயில் தாழ்வதற்குள் அதையும் அடித்துக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் புறப்பட்டார். வழியில் கோயிலில் நிறுத்தி, உள்ளே போய்ச் சீட்டை மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

ஞாயிறு காலைப் பூசையில் சாமியார் இறந்தவர்களின் பெயர்களைப் படித்தார். எங்கள் அம்மா அந்தோணியம்மாளின் பெயர் நான்காவதாக வந்தது. அண்ணி அண்ணனின் பக்கத்தில் நின்று அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

சாப்பிட்டுவிட்டு வண்டியிடம் போனோம். டேங்கில் இருந்த டீசலை டின்களில் வடித்துவிட்டு, மேலிருந்த கருவியைத் திருகு கழற்றி மிதவையோடு வெளியே எடுத்தேன். கம்பியின் ஒரு பக்கம் தேய்ந்து பளபளவென்று இருந்தது. எப்போதோ டேங்க் அடிபட்டு, வேறு லாரியின் டேங்கை வாங்கி மாட்டியிருக்கிறார் அண்ணன். அந்த டேங்குக்குள் டீசல் அலம்பாமல் இருக்க ஒரு தடுப்புத் தகடு உண்டு. பழைய கருவியின் கம்பி அந்தத் தகட்டில் போய் முட்டி நின்றுவிடுகிறது. டீசல் எவ்வளவு இறங்கினாலும் மிதவை கால் டேங்குக்குக் கீழே இறங்க வழியே இல்லை. வியாழக்கிழமை டீசலை ஊற்றிப் பார்த்த நான் ஒருமுறை வடித்தும் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பதினைந்து வருட வயர்மேன்.

கம்பியைக் குறடால் வளைத்து, தகட்டில் படாமல் ஒதுங்கிப் போகும்படி செய்தேன். மறுபடி மாட்டினேன். இந்த முறை காலி டேங்கிலிருந்து தொடங்கி, அண்ணன் டின் டின்னாக ஊற்ற, நான் உள்ளே உட்கார்ந்து முள் நிற்கும் இடத்தை மீட்டர் கண்ணாடியில் அண்ணியின் நகப்பாலிஷால் புள்ளி வைத்தேன்.

இரண்டாவது டின்னை ஊற்றும்போது அண்ணன் ஜன்னலுக்கு வெளியே நின்றபடி கேட்டார், அம்மா தன்னைப் பார்க்க வேண்டும் என்று கேட்டதா என்று. பொய் சொல்ல எனக்கு இனிமேல் தெம்பில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேட்டார்கள், அடுத்த வருஷம் என்று நான்தான் தள்ளிக்கொண்டே வந்தேன் என்றேன்.

அவர் டின்னைக் கீழே வைத்தார்.

"நானுந்தான் வந்துருக்கலாம்" என்றார். "பாஸ்போர்ட்டு எடுத்து ஒம்போது வருஷம் ஆவுது. அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னு நானும் சொல்லிகினுதான் இருந்தேன்."

அண்ணி வாசற்படியில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். பிறகு அண்ணன் அடுத்த டின்னை எடுத்தார். கப்பல் கிளம்பிய அன்றிலிருந்து சொல்லு என்றார். அன்று வீட்டுக்குப் போனதும் அம்மா என்ன செய்தது, மறுநாள் வேலைக்குப் போனதா, ரப்பர் வெட்டுவதை எப்போது நிறுத்தியது, பல் எப்போது விழுந்தது, யாரோடு சண்டை போட்டது, எல்லாம்.

சொன்னேன். புள்ளி வைத்துக்கொண்டே சொன்னேன். நாலு மணிக்கு மீட்டர் வேலை முடிந்துவிட்டது. அம்மாவின் கதை அப்போதுதான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறுக்கு வந்திருந்தது.

திங்கட்கிழமை காலையில் அண்ணன் என்னை அந்த லாரியிலேயே மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு அழைத்துப் போனார். நேரமிருந்தது. சாலையும் காலியாகத்தான் இருந்தது. ஆனாலும் மூன்றாவது கியருக்கு மேல் போடவே இல்லை. பஸ்காரர்கள் பின்னாலிருந்து ஹாரன் அடித்து, பக்கவாட்டில் வந்து திட்டிவிட்டுப் போனார்கள். ஒரு ஆட்டோக்காரர் வண்டியில் பழுதா என்று அக்கறையாக விசாரித்தார். அண்ணன் கையை வெளியே நீட்டி, அவரைத் தாண்டிப் போகச் சொன்னார்.

போரூரைத் தாண்டும்போது, ஆஸ்பத்திரியில் அம்மா நர்ஸுகளுக்கு மலாயில் கதை சொன்னதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்னும் எவ்வளவு தூரம் என்று வெளியே பார்த்துப் பேச்சை நிறுத்தினேன்.

"நீ சொல்லு" என்றார் அண்ணன். வண்டியை இன்னும் கொஞ்சம் ஓரமாக எடுத்து ஓட்டினார்.